வைக்கோல் தண்ணீர், மொய்னா, கொசுப்புழு: வெயில் ஊரில் மீன்குஞ்சு வளர்ப்பது

ஃபைட்டர் மீனை முட்டையிட வைப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆண் நுரைக்கூடு கட்டும், பெண்ணை வளைத்துப் பிடிக்கும், கீழே விழுகிற முட்டைகளை வாயால் பொறுக்கிக்கொண்டுபோய் நுரையில் ஒட்டும். நம் ஊர்ச் சூட்டுக்கு ஒன்றரை நாளில் பொரிந்துவிடும். அடுத்த இரண்டு மூன்று நாள் குஞ்சுகள் கூட்டுக்குக் கீழே வால் தொங்க நின்றபடி, வயிற்றில் இருக்கும் கருவைக் கரைத்தே காலம் தள்ளும். பிறகு ஒரு காலையில் பார்த்தால் எல்லாம் நேராக நீந்திக்கொண்டிருக்கும். கஷ்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. மூன்று மில்லிமீட்டர் உடம்பு, அதில் வாய் எவ்வளவு இருக்கும்? கடையில் விற்கும் பொடியை எவ்வளவு நுணுக்கித் தூவினாலும் அது அசையாது. அசையாததைக் குஞ்சு சாப்பாடு என்றே நினைப்பதில்லை. அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் பிழிந்து விடச் சொல்வார்கள். கொஞ்சம் தின்னும், மிச்சம் அடியில் தங்கும், மறுநாள் தண்ணீர் நாறும், அதற்கடுத்த நாள் குஞ்சே இருக்காது.

ஆக, உயிரோடு நெளிகிற ஏதாவது வேண்டும், அதை நாமே வளர்க்க வேண்டும். எப்படி வளர்ப்பது என்பதற்குக் குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் முக்கால்வாசி குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. ஹீட்டர் போடு, ஒரு வாரம் பொறு, வெதுவெதுப்பான அலமாரியில் வை என்று இருக்கும். இங்கே சித்திரை வைகாசியில் வெளியே 38, 39 டிகிரி அடிக்கும்போது வெதுவெதுப்பைத் தேடி எங்கே போவது? சூடு ஒரு பத்து டிகிரி ஏறினால் இந்தச் சின்ன உயிர்களின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது பொதுக் கணக்கு. தின்பது, பெருகுவது, கழிவது, அழுகுவது எல்லாமே. அதே சமயம் தண்ணீர் பிடித்துவைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் நிற்கும், 35 டிகிரியில் 7-க்கும் கீழே போய்விடும். அதனால் வெளியூர்க் குறிப்பில் உள்ள தீவன அளவை அப்படியே இங்கே போட்டால் அன்று மாலையே ஜாடி கெட்டுப்போகும். என் கணக்கு எளிது: அவர்கள் சொல்லும் நாளில் பாதி, சொல்லும் தீவனத்தில் கால்வாசி, சொல்லாவிட்டாலும் எல்லாவற்றிலும் இரண்டு ஜாடி.

வைக்கோலில் ஆரம்பிக்கலாம். டெல்டாவில் இருந்துகொண்டு இன்ஃபுசோரியாவுக்கு முட்டைக்கோஸ் இலையையும் உருளைக்கிழங்குத் தோலையும் தேடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். இன்ஃபுசோரியா என்பது ஒரே உயிரின் பெயர் இல்லை, ஊறல் தண்ணீரில் தோன்றும் ஒருசெல் உயிர்களுக்கு மொத்தமாக வைத்த பழைய பெயர். லேவன்ஹுக் 1676-ல் எழுதிய கடிதத்தில் மிளகு ஊறிய தண்ணீரில் குட்டி உயிர்கள் ஓடுவதைப் பார்த்ததாகச் சொல்கிறார், அவரும் நம் கட்சிதான். நமக்கு முக்கியமானது பாரமீசியம். பெரிதாக வளர்ந்தாலே கால் மில்லிமீட்டர் அளவுதான், குஞ்சு வாய்க்குச் சரியாக இருக்கும்.

வைக்கோலை ஒரு கைப்பிடி எடுத்து விரல் நீளத்துக்கு நறுக்கி, ஒரு லிட்டர் தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும். தண்ணீர் கட்டன் சாயா நிறத்துக்கு வரும். கொதிக்க வைத்தால் எல்லாம் செத்துவிடாதா என்று கேட்கலாம். வைக்கோலில் ஒட்டியிருக்கும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியைத் தாங்கும். ஃபெர்டினாண்ட் கோன் என்ற ஜெர்மானியர் 1872-ல் அந்தப் பெயரை வைத்தார். கொதிக்கவைத்த புல் ஊறலிலும் அது மறுபடி முளைத்து வருவதைக் காட்டியவரும் அவர்தான். மற்றவை செத்து, இது மட்டும் பெருகும்போது பாரமீசியத்துக்குப் பந்தி தயார். ஆறியதும் வாயகன்ற கண்ணாடி ஜாடியில் வைக்கோலோடு ஊற்றி, மேலே மெல்லிய துணி கட்டி, நேர் வெயில் படாத திண்ணையோரம் வைத்துவிடுவேன்.

விதைக்கு வாய்க்கால் போதும். ஆகாயத்தாமரையை யாரும் திட்டாத நாளில்லை, வாய்க்காலை அடைத்துக்கொண்டு கிடக்கிறது, ஆனால் அதன் வேர்க்கொத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் அலசிப் பிழிந்தால் வருகிற கலங்கலில் நமக்கு வேண்டிய அத்தனையும் இருக்கும். பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டி அதில் இரண்டு ஸ்பூன் விட்டால் சரி. வடிகட்டாமல் விட்டால் ஹைட்ரா ஏறிவிடும், குஞ்சைக் கொட்டிப் பிடித்துத் தின்னும் குட்டி உயிர் அது, குஞ்சுத் தொட்டியில் வந்துவிட்டால் அப்புறம் தலைவலி.

முதல் நாள் ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாள் தண்ணீர் பால் கலந்ததுபோல் மங்கி, மேலே ஆடை கட்டி, நாற்றமும் எடுக்கும். இது பாக்டீரியா கட்டம், இதைப் பார்த்துப் பயந்து கொட்டிவிடுகிறவர்கள் நிறைய. பொறுக்க வேண்டும். மூன்று நான்காம் நாளில் மங்கல் விலகித் தண்ணீர் தெளியத் தொடங்கும், நாற்றம் போய் ஈர மண் வாசனை மட்டும் இருக்கும். அப்போது இரவில் விளக்கை அணைத்து, ஜாடிக்குப் பின்னால் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஓட்டுச் சந்தில் விழுகிற வெயில் கீற்றில் தூசி மிதக்குமே, அந்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். தூசி காற்றுப்போக்கில் ஒரே பக்கம் போகும். இவை ஒவ்வொன்றும் தன் வழியில் சுழன்று முட்டித் திரும்பும். அதைப் பார்த்துவிட்டால் சிரிஞ்சால் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே உறிஞ்சி எடுக்கலாம், பாரமீசியம் மேலே கூடும் சுபாவம் உள்ளது. இதே ஜாடியைக் குளிர்நாட்டில் ஒரு வாரம் பத்து நாள் வைத்திருப்பார்கள். இங்கே ஒரு வாரத்தில் அதன் காலம் முடிகிறது, அதனால் மூன்று நாளுக்கு ஒரு தடவை புதுக் கஷாயம், அதில் பழைய ஜாடியிலிருந்து ஒரு கரண்டி.

வைக்கோல் எங்கே எடுப்பது என்பதுதான் உண்மையான கேள்வி. அறுப்புக்குக் கொஞ்ச நாள் முன்புவரை பூச்சிமருந்து அடித்த வயலாக இருந்தால் அந்த வைக்கோல் வேண்டாம். தெருவில் ஒரு பெரியவர் வீட்டுச் சாப்பாட்டுக்கென்று மருந்தில்லாமல் கொஞ்சம் நெல் போடுகிறார், அவர் போரில்தான் நான் உருவுவேன். "என்னா தம்பி, மாடே இல்ல, வைக்க எதுக்கு?" என்றார். மீனுக்கு என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "ம், எடுத்துக்க" என்றார், அதற்கு மேல் கேட்கவில்லை. வைக்கோல் கிடைக்காவிட்டால் வாழைச்சருகு. திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் அதற்கு என்ன குறை. சருகை அப்படியே குஞ்சுத் தொட்டியில் ஒரு துண்டு போட்டாலும் அதன்மேல் வளர்வதைக் குஞ்சுகள் கொறித்துக்கொண்டிருக்கும்.

குஞ்சு தின்கிறதா என்பதற்கு டார்ச்சை விடச் சிறந்த கருவி கிடையாது. வயிறு உள்ளே ஒட்டியிருந்தால் பட்டினி, வெள்ளையாக உருண்டிருந்தால் சாப்பிட்டிருக்கிறது.

முதல் வாரத்துக்குப் பிறகு மொய்னா. எனக்கு இந்தத் தொழிலில் பிடித்ததே இதுதான், ஆகவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். டாப்னியாவின் சின்ன உறவு, தண்ணீரில் துள்ளித் துள்ளிப் போகும் பூச்சி. பெரிய டாப்னியாவை இங்கே கோடையில் காப்பாற்றுவது பெரும்பாடு, மொய்னாவுக்கோ 24-லிருந்து 31 டிகிரி வரை கொண்டாட்டம். புதிதாகப் பிறந்தது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, வளர்ந்தது சுமார் ஒரு மில்லிமீட்டர். காலம் நன்றாக இருந்தால் எல்லாமே பெண்தான், ஆண் துணையே இல்லாமல் குட்டி போட்டுக்கொண்டே போகும், பிறந்தது நாலைந்து நாளில் தானும் குட்டி போடும். தீனி குறைந்தாலோ கூட்டம் மிஞ்சினாலோ அப்போதுதான் ஆண்களைப் பெறும், அப்புறம் கெட்டி ஓட்டுக்குள் உறக்க முட்டை வைக்கும். குளம் வற்றினாலும் அந்த முட்டை மண்ணில் கிடக்கும், மறுபடி நனைந்தால் பொரியும்.

டெல்டாவில் இருப்பதன் லாபம் இந்த இடத்தில்தான் தெரியும். கோடையில் குளம் குட்டை வற்றி வெடித்துக் கிடக்கும்போது, கடைசியாகத் தண்ணீர் நின்ற பள்ளத்தில் மேல்மண்ணை மட்டும் ஓரங்குலத்துக்குச் சுரண்டி ஒரு சாக்குப் பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணீர் கல்லணை வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து கடைமடைக்குப் போய்ச் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெயிண்ட் வாளியில் அந்த மண்ணை இரண்டு பிடி போட்டு, வைத்திருந்த மழைத்தண்ணீரோ ஒரு நாள் வெயிலில் நின்ற போர்த் தண்ணீரோ ஊற்றி, வெளிச்சம் படும்படி வையுங்கள். மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் ஏதாவது துள்ளும். கூடவே ஓட்டுக்குள் இருந்துகொண்டு உருளும் ஆஸ்ட்ரகாட், ஒற்றைக்கண் சைக்ளாப்ஸ் எல்லாம் வரும். சைக்ளாப்ஸை வளர்ந்த மீன்கள் விரும்பித் தின்னும், ஆனால் பொரிந்த குஞ்சைக் கடிக்கும், அதனால் சிரிஞ்சால் மொய்னாவை மட்டும் தனியாகப் பிடித்து வேறு வாளிக்கு மாற்ற வேண்டும். பத்துக் கிடைத்தால் போதும். நிறைந்த குளத்தில் நேரடியாக வலை போட்டால் சுலபமாகக் கிடைக்குமே என்றால், கிடைக்கும்தான், தட்டான் புழுவும் நீர்வண்டுப் புழுவும் சேர்ந்து கிடைக்கும். தட்டான் புழு ஒன்று குஞ்சுத் தொட்டியில் இரண்டு நாள் இருந்தால் எண்ணிக்கை தானாகக் குறையும். காய்ந்த மண்ணில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

தீனிக்குப் பச்சைத் தண்ணீர்தான் முதல் தரம். மீன்தொட்டியில் மாற்றும் பழைய தண்ணீரை வாளியில் பிடித்து வெயிலில் வைத்தால் சில நாளில் பாசி ஏறிப் பச்சையாகும். ஐப்பசி கார்த்திகையில் நாள்கணக்கில் வெயிலே முகம் காட்டாதபோது பச்சை வெளுத்துவிடும், அப்போது பேக்கரி ஈஸ்ட் அல்லது கடலைப் புண்ணாக்கு ஊறிய தெளிவு. அரிசி ஆலையில் கிடைக்கும் தவிட்டைத் துணியில் கட்டித் தண்ணீரில் பிழிந்தும் விடலாம். எவ்வளவு என்பதற்குத் தராசு வேண்டாம். கையை முழங்கை வரை விட்டால் விரல்கள் மங்கலாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் கலங்கல். மறுநாள் தண்ணீர் தெளிந்திருந்தால் இன்னும் கொஞ்சம், தெளியாமலே இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருங்கள். மொய்னா சிவந்து வருவதைப் பார்த்து நல்ல செழிப்பு என்று மகிழ்கிறார்கள். தண்ணீரில் ஆக்சிஜன் குறையும்போது அது ஹீமோகுளோபினை அதிகமாகச் சுரந்து சமாளிக்கிறது, அந்த நிறம்தான் அது. சிவந்து, மேலேயே கூட்டமாக நின்றால் உடனே பாதித் தண்ணீரை மாற்றி, பாதிக் கூட்டத்தை மீனுக்குப் போட்டுவிடுங்கள். தினமும் கால்வாசியை அள்ளும் வாளிதான் நீடிக்கும், பெருகட்டும் என்று விட்ட வாளி கவிழும்.

குழாய்த் தண்ணீர் பற்றி ஒரு வரி: குளோரின் போட்டு வரும், ஒரு நாள் திறந்து வைத்தே ஊற்ற வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. கொசு ஒழிப்புக்காக வீட்டுத் தொட்டிகளில் அபேட் என்ற மருந்தை ஊற்றிவிட்டுப் போவார்கள், அதில் இருப்பது டெமிபாஸ் என்ற பூச்சிக்கொல்லி. கொசுப்புழுவைக் கொல்லும் அளவே மொய்னாவையும் சுத்தமாகத் துடைத்துவிடும். அந்தத் தொட்டித் தண்ணீர் வாளிப் பக்கமே வரக்கூடாது.

அந்த மருந்தோடு வருகிற அக்காவுக்கும் எனக்கும் நடந்த பேச்சை எழுதாமல் கொசுப்புழுவைப் பற்றி எழுத முடியாது. டார்ச்சோடு கொல்லைப்புறம் வந்தவர் என் அகலமான பேசினைப் பார்த்து நின்றுவிட்டார்.

"சார், மத்தவங்க வீட்ல புழு இருந்தா கவுத்து ஊத்திட்டுத் திட்டிட்டு வருவோம். நீங்க என்னடான்னா வெச்சு வளக்குறீங்க?"

"மீனுக்குக்கா. நாலு நாளைக்கு மேல விடமாட்டேன், மேல வலை இருக்கு பாருங்க."

"வலை இருந்தா கொசு எப்படி முட்ட வெச்சுச்சு?"

நியாயமான கேள்வி. ராத்திரி திறந்து வைத்து விடிந்ததும் மூடுவேன் என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை, நாலாம் நாள் மறுபடி வந்து பார்த்தார், அது அவர் வேலை, சரியாகத்தான் செய்தார். கும்பகோணம் பக்கம் ஒரு காலத்தில் யானைக்கால் நோய்க்கே பேர் போனது, அதைப் பரப்புவது கியூலெக்ஸ் கொசு; இப்போது டெங்கு, அது ஏடிஸ். இந்த மண்ணில் கொசுவை விளையாட்டாக வளர்க்க யாருக்கும் உரிமை இல்லை. ஆகவே செய்வதானால் இப்படி மட்டும்: சருகு ஊறிய தண்ணீரில் காலையில் பார்த்தால் அரிசியை விடச் சின்னதாக, கறுப்புப் படகு வடிவில் கியூலெக்ஸ் முட்டைத் திட்டு மிதக்கும், ஒவ்வொன்றிலும் நூறுக்கு மேல் முட்டை. அதைக் குச்சியால் தூக்கி மூடி போட்ட பாட்டிலுக்கு மாற்றிவிட வேண்டும். பேசின் தண்ணீரை அன்றே செடிக்கு ஊற்றி, உட்புறத்தை நாரால் தேய்த்துக் காயவைக்க வேண்டும், ஏனென்றால் ஏடிஸ் தண்ணீர் மட்டத்துக்கு மேலே பக்கச் சுவரில் தனித்தனியாக முட்டை ஒட்டும், அவை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது. பாட்டிலில் புழு வந்ததும் நாலு நாளுக்குள் மீனுக்குப் போட்டுத் தீர்த்துவிட வேண்டும். காற்புள்ளி மாதிரி வளைந்த கூட்டுப்புழு ஒன்று கண்ணில் பட்டாலே காலம் கடந்துவிட்டது என்று பொருள், இரண்டு நாளில் பறக்கும். இந்தக் கட்டுப்பாடு முடியாதவர்கள் கொசுப்புழுப் பக்கமே வராதீர்கள், மொய்னா போதும்.

டியூபிஃபெக்ஸ் பற்றிச் சுருக்கமாக: கடைகளில் சிவப்பு உருண்டையாக விற்கிறார்களே அந்தப் புழு. பெரும்பாலும் சாக்கடைச் சேற்றிலிருந்து வருவது. மீனுக்குப் பிடிக்கும், சந்தேகமில்லை. நான் வாங்குவதில்லை.

மைக்ரோவார்ம் என்கிற நூல் போன்ற குட்டிப் புழு சுலபம். ஓட்ஸ் வேண்டும் என்பார்கள், கெட்டியாகக் கிளறிய கேழ்வரகுக் களியே போதும், மேலே சிட்டிகை ஈஸ்ட், அதன்மேல் பழைய டப்பாவிலிருந்து ஒரு ஸ்பூன். ஓரிரு நாளில் டப்பாவின் பக்கச் சுவரில் நூல் நூலாக ஏறும், விரலால் வழித்துத் தொட்டியில் அலசலாம். கோடையில் களி இளகிப் புளித்து நாறுகிற வேகத்துக்கு வாரம் ஒரு டப்பா புதிதாகப் போட வேண்டும், வீட்டில் இருப்பவர்கள் பொறுமைசாலிகளாக இருக்க வேண்டும். தொட்டியில் அடியில் போய் விழுந்துவிடுவது இதன் குறை. வினிகரில் வாழும் குட்டி நூல்புழுவான வினிகர் ஈல் அதற்கு நேர்மாறு, மேலேயே நெளியும், நல்ல தண்ணீரிலும் வெகுநேரம் உயிரோடு இருக்கும். ஆப்பிள் சைடர் வினிகரும் தண்ணீரும் பாதிக்குப் பாதி, ஒரு ஆப்பிள் துண்டு. மளிகைக் கடையின் வெள்ளை வினிகரில் சத்து எதுவும் இல்லை, அது ஆகாது. எடுக்கும் விதம் அழகு: நீளக் கழுத்துப் பாட்டிலில் கழுத்து வரை ஊற்றி, பஞ்சை அடைத்து, அதன்மேல் நல்ல தண்ணீர் விட்டால் காற்றைத் தேடிப் பஞ்சைத் துளைத்துக்கொண்டு மேலே வந்துவிடும். பெருகுவது மெதுவாக, ஆனால் மாதக்கணக்கில் கண்டுகொள்ளாமல் விட்டாலும் கிடக்கும். நான் சொன்ன இரண்டு மடங்கு வேகம் செல்லாத ஒரே பாட்டில் இதுதான். கல்யாணம் காட்சி என்று ஊருக்குப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல காப்பீடு இல்லை.

கிரின்டல் என்கிற சின்ன வெள்ளை மண்புழுவுக்குப் பேராவூரணி, பட்டுக்கோட்டையிலிருந்து வரும் தென்னை நார்த்தூள் நல்ல படுக்கை. தூளை இரண்டு மூன்று தடவை அலசி உப்பை எடுத்துவிட வேண்டும். எறும்புக்குப் பயந்து டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வையுங்கள். மே மாதத்தில் வீட்டில் குளிர்ச்சியான இடம் இல்லாவிட்டால் இதற்கு ஆசைப்பட வேண்டாம்.

உப்புத் தண்ணீரில் வாழும் குட்டி இறால் வகையான ஆர்ட்டீமியாவை ஏன் விட்டுவிட்டேன் என்று யாராவது கேட்பீர்கள். முட்டை டப்பாக்களில் பல அமெரிக்காவின் யூட்டா உப்பு ஏரியிலிருந்து வருபவை, விலை அதிகம், இறால் குஞ்சு பொரிப்பகங்கள் மொத்தமாக வாங்கும். நாலு பேர் சேர்ந்து ஒரு டப்பா வாங்கிப் பிரித்துக்கொள்வது புத்திசாலித்தனம். உப்பு நமக்கு வேதாரண்யத்தில் இருக்கிறது. 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துபோய் அள்ளிய அதே கடற்கரை உப்புதான், கல்லுப்பாக வாங்கிக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 25 கிராம், ஏர் பம்ப், வெளிச்சம். ஹீட்டர் தேவையில்லை, இரவு போட்டால் மறுநாள் மாலைக்குள் ஆரஞ்சு நிறமாகக் குஞ்சு இறங்கிவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே, குஞ்சு கீழே, வெளிச்சம் இருக்கும் பக்கம். ஓடு சேராமல் உறிஞ்சி, நல்ல தண்ணீரில் அலசி உடனே போடுங்கள். பிறந்து சில மணி நேரத்தில் அது தன் கருவைத் தின்று தீர்த்துவிடும், நம் சூட்டில் இன்னும் சீக்கிரம். ஆகவே நாளைக்கென்று வைத்திருப்பதில் சத்தில்லை. மீன்குஞ்சின் வயிறு ஆரஞ்சாகத் தெரியும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் வெயில் ஒரு நாள் எல்லா வாளியையும் சேர்த்துக் கவிழ்க்கும், மின்சாரம் போகும், யாராவது கழுவின சோப்புத் தண்ணீர் தெறிக்கும். இரண்டு ஜாடியும் ஒரே திண்ணையில் இருந்தால் இரண்டும் போகும். அதனால் என் மூன்றாவது ஜாடி எப்போதும் வேறு ஊரில், வேறு ஒருவர் வீட்டில் இருக்கும். அவருடையது என்னிடம் இருக்கும். மொய்னாவைப் பேருந்தில் கொண்டுபோவதானால் பாலித்தீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சம் காற்று, கூட்டம் கம்மியாக. அடைத்து எடுத்தால் கும்பகோணம் வருவதற்குள் முடிந்துவிடும். கிளம்புவதற்கு முன் தீனி போடாதீர்கள், விடிகாலை முதல் வண்டியைப் பிடியுங்கள், பையை என்ஜின் பக்கம் வைக்காதீர்கள். போய்ச் சேர்ந்ததும் பையை அப்படியே வாளியில் அரை மணி நேரம் மிதக்கவிட்டு, சூடு சமமானதும் அவிழ்த்து விடுங்கள், அன்றைக்கு ஈஸ்ட் வேண்டாம்.